லாக்ஜாம்: ஆற்றில் சிக்கிய மரமும் அவையில் சிக்கிய மசோதாவும்

ஆங்கிலச் செய்தி வாசிக்கிறவர்களுக்கு ‘லாக்ஜாம்’ பழகிய சொல். பேச்சுவார்த்தையில் லாக்ஜாம், துறைமுகத்தில் லாக்ஜாம், நீதிமன்றத்தில் லாக்ஜாம் என்று ஏதாவது ஒரு தலைப்பில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். அகராதியைப் புரட்டினால் ‘தேக்கநிலை, முட்டுக்கட்டை’ என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் அடைப்பு என்ற ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தில் பிளாக்கேஜ், பாட்டில்நெக், கிரிட்லாக், டெட்லாக், ஸ்டேல்மேட், பேக்லாக் என்று ஒரு படையே இருக்கிறது. எல்லாவற்றையும் ‘தேக்கம்’ என்று எழுதிவிட்டுப் போனால் எது எப்படி அடைபட்டது, யாரால் அடைபட்டது என்ற தகவல் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். லாக்ஜாமுக்கு என்று தனியாக ஒரு குணம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தும், எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

லாக் என்றால் வெட்டிப்போட்ட மரக்கட்டை. ஜாம் என்றால் நெருக்கியடித்துச் சிக்கிக்கொள்வது. சொல் பிறந்தது 19ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவின் காடுகளில். மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக், கியூபெக் பகுதிகளிலும் பைன் மரங்கள் அடர்ந்து கிடந்தன. ரயில் பாதை எட்டாத காடுகள். மரத்தை அறுவை ஆலைக்குக் கொண்டுபோக ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. குளிர்காலம் முழுக்க வெட்டுவார்கள். பனியின் மேல் சறுக்குவண்டியில் இழுத்துவந்து ஆற்றங்கரையில் மலைபோல அடுக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது மொத்தத்தையும் தண்ணீரில் உருட்டிவிடுவார்கள். அந்தப் பெருக்கு சில வாரங்கள்தான் இருக்கும். அதற்குள் மரம் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பாறைமேல் கிடந்து அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரே ஆற்றில் பல கம்பெனிகளின் மரம் கலந்து போகும். அதனால் ஒவ்வொரு கட்டையின் வெட்டுமுகத்திலும் சுத்தியலால் ஒரு முத்திரை அடித்திருப்பார்கள். கீழே ஆலைகளுக்கு அருகில் ஆற்றுக்குக் குறுக்கே மிதவைத் தடுப்பு போட்டு, முத்திரையைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். ஆக, போட்டி முதலாளிகளின் சரக்கும் ஒரே தண்ணீரில், ஒரே திசையில், ஒரே அவசரத்தில் போகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அடைப்பு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆறு வளைகிற இடத்திலோ, நடுவில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலோ ஒரு கட்டை மூக்கு இடித்து நின்றுவிடும். பின்னால் வரும் ஓட்டம் அதன் வாலைத் தள்ளும். கட்டை ஆற்றுக்குக் குறுக்காகத் திரும்பும். அடுத்து வரும் இரண்டு அதன்மேல் சாய்ந்துகொள்ளும். மூன்றாவது கட்டை அடியில் நுழைந்து ஆற்றுப் படுகையில் குத்தி நிற்கும். நான்காவது மேலே ஏறி உட்காரும். அரைமணி நேரத்தில் அது கட்டைகளின் கூட்டம் என்ற நிலையிலிருந்து சுவர் என்ற நிலைக்கு வந்துவிடும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஏறும். ஏறுகிற தண்ணீர் இன்னும் பலமாகத் தள்ளும். தள்ளத் தள்ள அடைப்பு இறுகும். நகர்த்திக்கொண்டுவந்த அதே விசைதான் இப்போது நகரவிடாமல் பிடித்துவைக்கிறது.

இதை அவிழ்க்கிற வேலை ஆற்றோடு கூடவே நடந்துவரும் ஆட்களுடையது. ரிவர் டிரைவர்கள் என்று பெயர். ‘ஆற்றுப் பன்றிகள்’ என்ற கேலிப்பெயரும் உண்டு, அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான். காலில் ஆணி பதித்த பூட்ஸ். கையில் பீவி: நீளமான மரப்பிடி, முனையில் இரும்புக் கூர், பக்கத்தில் அசையும் ஒரு கொக்கி. ஜோசப் பீவி என்ற மெய்ன் மாநிலத்துக் கொல்லர் 1850களின் கடைசியில் செய்த கருவி. அவர் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. கொக்கியைக் கட்டையில் மாட்டி நெம்பினால் ஓர் ஆளே பெரிய மரத்தைப் புரட்டலாம்.

அடைப்பைப் பின்னாலிருந்து தள்ளி உடைக்க முடியாது. முன்முகத்துக்கு, அதாவது ஆறு கீழே இறங்கிப் போகிற பக்கத்துக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும். தலைக்குமேல் ஆயிரக்கணக்கான கட்டைகள் தொங்கிக்கொண்டிருக்க, எந்தக் கட்டை மொத்தத்தையும் பிடித்துவைத்திருக்கிறது என்று தேடுவார்கள். அதற்குப் பெயர் கீ லாக், சாவிக்கட்டை. அனுபவசாலி ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கொக்கி போட்டு அசைத்தால் முதலில் ஒரு முனகல், அப்புறம் மொத்தச் சுவரும் கிளம்பும். கிளம்பிய நொடியில் அதே கட்டைகளின்மேல் ஓடிக் கரைசேர வேண்டும். சேராதவர்களும் உண்டு. சில அடைப்புகளில் சாவிக்கட்டை என்று ஒன்று இருக்கவே இருக்காது. அப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் டைனமைட் வைக்க வேண்டும். செய்தித்தாள் உருவகத்தில் இந்தக் கடைசி விவரம் மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகும்.

அளவு எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். மினசோட்டா, விஸ்கான்சின் எல்லையில் ஓடும் செயின்ட் குரோய் ஆற்றில், டெய்லர்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே ஆறு சட்டென்று திரும்புகிறது. 1886இல் அங்கே விழுந்த அடைப்பில் 15 கோடி போர்டு அடி மரம் சிக்கியதாகக் கணக்கு. அறுத்த பலகையாகச் சொன்னால் சுமார் மூன்றரை லட்சம் கன மீட்டர். ஏறத்தாழ 200 ஆட்கள், நீராவிப் படகுகள், டைனமைட் என்று எல்லாம் சேர்ந்தும் அவிழ்க்க ஆறு வாரம் பிடித்தது. வேடிக்கை பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1883 ஜூலையில், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பெருமழைக்குப் பிறகு தேங்கிய கட்டைகள் உடைத்துக்கொண்டு ரயில் பாலங்களையே அடித்துக்கொண்டு போயின. அவிழ்வதும் ஒரு விபத்தாக இருக்கலாம்.

காட்டுத்தொழில் நகரத்துச் செய்தியாக மாறிய அந்தக் காலத்திலேயே சொல்லும் ஆற்றைவிட்டு வெளியே வந்துவிட்டது. சட்டமன்றம், அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும். அமெரிக்க ஆங்கிலத்தில் மரக்கட்டை விட்டுப்போன சொற்கள் இன்னும் உண்டு. ‘பேக்லாக்’ என்பது கணப்பில் பின்பக்கமாக வைக்கும் பெரிய கட்டை. நிதானமாக எரிந்து நெருப்பைக் காப்பாற்றும். பின்னால் இருப்பில் கிடப்பது என்ற பொருளிலிருந்து முடிக்காமல் குவிந்த வேலைக்குப் பெயரானது. ‘லாக்ரோலிங்’ என்பது நிலம் திருத்தும்போது அண்டை வீட்டார் மாறிமாறி உதவிக்கொண்டு கட்டைகளை உருட்டுவது; அரசியலில் ‘என் மசோதாவுக்கு நீ கைதூக்கு, உன்னுடையதற்கு நான் தூக்குகிறேன்’ என்ற ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர். ஒரே லாக், மூன்று வேறு குணம்.

சரி, லாக்ஜாமின் தனிக்குணம் என்ன? ஆற்றிலிருந்து எடுத்துப் பார்த்தால் தெளிவாகவே தெரிகிறது. சிக்கியிருக்கும் எல்லாமே ஒரே பக்கம் போகத்தான் விரும்புகின்றன, ஒன்றையொன்று எதிர்க்கவில்லை. அடைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பின்னாலிருந்து வரும் அழுத்தம் நிலைமையை மோசமாக்குகிறது. எங்கோ ஓர் இடத்தில் நெம்பினால் மொத்தமும் நகரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. இந்த நான்கும் ஓரளவாவது சேர்ந்திருந்தால்தான் அது லாக்ஜாம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பக்கத்துச் சொற்களைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பாட்டில்நெக் என்பது வழி குறுகலான இடம். அங்கே ஓட்டம் நிற்பதில்லை, மெதுவாகிறது. வழியை அகலப்படுத்தினால் தீர்ந்தது. ஸ்டேல்மேட் சதுரங்கத்திலிருந்து வந்தது. எதிரெதிரான இருவர் வேண்டும். சதுரங்கத்தில் ஸ்டேல்மேட் வந்தால் ஆட்டமே டிராவாக முடிந்துவிடும், ஆனால் பேச்சுவழக்கில் முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பதையும் அப்படியே சொல்கிறார்கள். கிரிட்லாக் தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்த நகரத்தின் சொல். ஒரு சந்திப்பில் நிற்கும் வண்டி அடுத்த சந்திப்பை மறிக்க, அது அதற்கடுத்ததை மறிக்க, கடைசியில் சுற்றி முதல் சந்திப்புக்கே வந்து பூட்டிக்கொள்வது. நியூயார்க்கின் போக்குவரத்துப் பொறியாளர் சாம் ஸ்வார்ட்ஸ் 1980 போக்குவரத்து வேலைநிறுத்தத்தின்போது இதைப் பிரபலமாக்கினார். இன்றைக்கும் அவருக்கு ‘கிரிட்லாக் சாம்’ என்றே பெயர்.

டெட்லாக் கணினிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தபோது துல்லியமான இலக்கணமே பெற்றுவிட்டது. ஒரு நிரல் கோப்பு, நினைவகம் போன்ற ஒரு வளத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறது. அந்த இன்னொன்றை வைத்திருக்கும் நிரல் முதல் வளத்துக்காகக் காத்திருக்கிறது. 1971இல் கணினி அறிவியலாளர் காஃப்மனும் சக ஆய்வாளர்களும் இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தார்கள். நான்கில் ஒன்றை உடைத்தாலும் டெட்லாக் வராது. லாக்ஜாமுக்கு இப்படி யாரும் இலக்கணம் எழுதவில்லை. அதனால்தான் அதை இஷ்டத்துக்கு இழுக்க முடிகிறது.

இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டால் இழுப்பு எங்கே நடக்கிறது என்று புரியும். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. ஆறு நாள் போக்குவரத்து நின்றது. இதையும் லாக்ஜாம் என்று எழுதினார்கள். உண்மையில் இது வெறும் பிளாக்கேஜ். அடைத்தது ஒரே கப்பல், அடைத்த இடம் ஒன்று, கப்பலை இழுத்துவிட்டதும் வழி திறந்துவிட்டது. இரண்டு முனையிலும் வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்கள் பேக்லாக்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நடந்ததுதான் அசல் லாக்ஜாம். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்த மக்கள் பொருள்களாக வாங்கிக் குவித்தார்கள். கப்பல்கள் வந்தன. கிடங்குகள் நிரம்பின. கிடங்கில் இடமில்லாததால் கண்டெய்னர்கள் அவற்றைச் சுமந்துவந்த சேசிஸ் (லாரி இழுத்துப்போகும் சக்கரச் சட்டம்) மீதே வெளியே கிடந்தன. சேசிஸ் திரும்பிவராததால் துறைமுக முற்றத்திலிருந்து அடுத்த கண்டெய்னரை எடுக்க முடியவில்லை. முற்றம் நிரம்பியதால் கப்பலிலிருந்து இறக்க முடியவில்லை. காலிக் கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கப்போன லாரிக்காரருக்கும் ‘உள்ளே இடமில்லை’ என்ற பதில். அவர் சேசிஸும் அந்தக் காலிப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன. இதில் வில்லன் யாருமில்லை. ஒவ்வொருவரும் தன் சரக்கை நகர்த்தத்தான் பார்த்தார்கள். மற்றவர் நகர்ந்தால்தான் தான் நகர முடியும் என்ற நிலை.

சாவிக்கட்டையைத் தேடிய கதையும் சுவாரசியமானது. அக்டோபரில் துறைமுகங்கள் 24 மணி நேரமும் இயங்கும் என்று அதிபர் பைடன் அறிவித்தார். கிடங்குகளும் லாரிகளும் இரவில் இயங்காதபோது துறைமுகம் மட்டும் விழித்திருந்து என்ன செய்வது? அதே மாதம் லாங் பீச் நகரம் இன்னொன்று செய்தது. நகருக்குள் கண்டெய்னர் வைக்க ஏற்கெனவே அனுமதி உள்ள இடங்களில் இரண்டு கண்டெய்னர்களுக்கு மேல் அடுக்கக் கூடாது என்ற விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தி நான்கு வரை அனுமதித்தது. அடுக்கினால் சேசிஸ் விடுபடும், சேசிஸ் விடுபட்டால் எல்லாம் நகரும் என்பது கணக்கு. இதோ அகப்பட்டுவிட்டது சாவிக்கட்டை என்று கொண்டாடியவர்கள் ஏராளம். ஆனால் கப்பல் வரிசை அடுத்த ஜனவரியில்தான் உச்சத்தைத் தொட்டது. முழுதாகக் கரைய 2022 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மக்கள் வாங்குவது குறைந்திருந்தது, கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குச் சரக்கு திரும்பியிருந்தது. பின்னாலிருந்து வரும் மரம் குறைந்ததால் அடைப்பு தானாகத் தளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசியலில் இந்தச் சொல் புழங்கும் விதத்தில்தான் எனக்குப் பெரிய ஆட்சேபம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா நகரவில்லை என்றால் உடனே ‘லெஜிஸ்லேட்டிவ் லாக்ஜாம்’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. பல நேரம் அது சரிதான்: ஆண்டு இறுதியில் எல்லாக் குழுக்களும் தத்தம் மசோதாவை ஒரே வாரத்தில் அவைக்கு அனுப்பி, நேரமில்லாமல் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பது உண்மையான லாக்ஜாம். ஆனால் செனட்டில் ஃபிலிபஸ்டர் என்ற முறை இருக்கிறது. விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்துக்கொண்டே போய் வாக்கெடுப்பைத் தடுப்பது. இதை அடக்க 1917இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று. 1975இல் அதை ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தார்கள், அதாவது 60 உறுப்பினர்கள். 41 பேர் உறுதியாக நின்றால் மசோதா நின்றுபோகும். இது ஆறு தானாகச் செய்த அடைப்பா? ஆட்கள் முடிவெடுத்துக் கட்டிய அணை அல்லவா?

2016 மார்ச்சில் அதிபர் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், தேர்தல் முடியும்வரை விசாரணையே கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார், அதன்படியே நடந்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அதை லாக்ஜாம் என்று எழுதினால், எடுத்தவரே மறைக்காத ஒரு முடிவை எழுதுகிறவர் மறைத்துவிடுகிறார். ‘மசோதா சிக்கிக்கொண்டது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் மசோதா. சிக்கவைத்தவர் அதில் இல்லை. நிர்வாகங்களுக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதும் இதனால்தான். கோப்பு நகராததற்கு யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை, ‘லாக்ஜாம் ஆகிவிட்டது’ என்றால் போதும்.

இன்னொன்று, அடைப்பு என்றாலே கெட்டது என்று இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் எண்ணம். ஆறுகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. லூசியானாவில் ரெட் ரிவர் ஆற்றில் ‘கிரேட் ராஃப்ட்’ என்று ஓர் இயற்கை அடைப்பு பல நூறு ஆண்டுகளாக இருந்தது. விழுந்த மரங்கள் தானாகச் சேர்ந்து, ஒரு காலத்தில் 250 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடந்தது. கீழ்முனை அழுகும், மேல்முனையில் புதிது சேரும். அப்படியே மெல்ல ஆற்றின் மேல்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1833இல் கேப்டன் ஹென்றி ஷ்ரீவ் கட்டை பிடுங்குவதற்கென்றே செய்த படகுகளோடு அதை அறுத்தெறிய ஆரம்பித்தார். ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரில்தான். அவர் திறந்துவிட்டதும் அடைப்பு மறுபடி வளர்ந்தது. கடைசியில் 1873இல் நைட்ரோகிளிசரின் வைத்துத் தகர்த்தார்கள். அடைப்பு போனது, கூடவே இன்னொன்றும் போனது. அதுவரை தேங்கிய தண்ணீரின் புண்ணியத்தில் நீராவிக் கப்பல்கள் வந்துபோன டெக்சஸின் ஜெஃபர்சன் நகரத்தில் நீர்மட்டம் இறங்கி, செழித்த துறைமுகம் படுத்துவிட்டது.

இப்போது வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் பொறியாளர்களே வரைபடம் போட்டு லாக்ஜாம் கட்டுகிறார்கள். கட்டைகளின் பின்னால் ஆழமான குட்டைகள் உண்டாகும், வேகம் குறையும், சால்மன் மீன்குஞ்சுகள் ஒதுங்கும். முன்னோர் துப்புரவாக எடுத்துப்போட்டதைக் காசு கொடுத்துத் திரும்ப வைக்கிறார்கள். மரத்தை ஆற்றில் விடும் தொழிலோ, 1976இல் மெய்னின் கென்னபெக் ஆற்றோடு அமெரிக்காவில் ஏறத்தாழ முடிந்துபோனது. மூழ்கிய கட்டையும் உரிந்த பட்டையும் ஆற்றைக் கெடுத்தன. சாலையும் லாரியும் வந்துவிட்டன.

2015இல் கணினிப் பாதுகாப்பில் ‘லாக்ஜாம்’ என்ற பெயரில் ஒரு தாக்குதல்முறை வெளிவந்ததையும் சொல்லிவிட வேண்டும், இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்புவார்கள். அதற்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை. இணையத் தொடர்பின் மறையாக்கத்தை 512 பிட் அளவுள்ள பலவீனமான சாவிக்கு இறங்கவைத்து உடைப்பது அந்த முறை. 1990களில் அமெரிக்கா வலுவான மறையாக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய காலத்து மிச்சம். அந்தக் கணக்கின் அடியில் இருப்பது லாகரிதம், அதாவது மடக்கை. அதைச் சுருக்கினால் லாக். ஆய்வாளர்களின் குறும்பு.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அமெரிக்காவில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவார்கள். பிரிட்டனில் நடுவில் சிறு கோடு போடுபவர்களும் உண்டு. பெயர்ச்சொல்லாகத்தான் புழக்கம். கூடவரும் வினை பெரும்பாலும் ‘பிரேக்’, சில நேரம் ‘கிளியர்’, ‘ஈஸ்’. லாக்ஜாமை ‘சால்வ்’ செய்வதாக எழுதினால் காதில் இடிக்கும். இருவருக்கு இடையிலான சண்டைக்கு இதைப் போடாதீர்கள். அதற்கு டெட்லாக்கோ இம்பாஸோ இருக்கிறது. வேலை வெறுமனே குவிந்திருந்தால் பேக்லாக். ஆளை அதிகப்படுத்தினால் குறையும். ஆளை அதிகப்படுத்தியும் நகரவில்லை, ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால்தான் லாக்ஜாம்.

தமிழில் எழுதும்போது நான் ‘முட்டுக்கட்டை’யைத் தவிர்ப்பேன். அதிலும் கட்டை இருப்பதால் பொருத்தமாகத் தோன்றும்; ஆனால் முட்டுக்கட்டை ஒருவர் கொண்டுபோய்ப் போடுவது. ‘முட்டுக்கட்டை போட்டார்’ என்ற உடனே போட்டவர் யார் என்று கேள்வி வந்துவிடும். ஃபிலிபஸ்டருக்கு அதுதான் சரியான சொல். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு ‘ஒன்றில் ஒன்று சிக்கிய தேக்கம்’ என்று நீட்டி எழுதுவது நல்லது. நீளம் என்று தோன்றினால் ‘சிக்கல்முடிச்சு’ என்றாவது எழுதலாம். செய்தியில் ஆங்கில லாக்ஜாமைப் பார்த்ததும் கை தானாக ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் போகும். போவதற்கு முன் அடைத்தவர் யாராவது உண்டா என்று அந்தச் செய்தியிலேயே தேடிப் பார்க்கலாம். பல நேரம் மூன்றாவது பத்தியில் பெயரோடு இருப்பார்.